நாலேகால் வெயில்

புத்தகத்தில் அந்த வீடு
யாரும் குடியிருக்காத மாதிரி இருந்தது.
வெள்ளைச் சுவர், ஒரு சாய்வுக் கதிரை,
நடுமுற்றத்தில் ஒற்றை அரலியா மரம்.
காஸ் சிலிண்டரை எங்கே வைப்பார்கள் என்று
எந்தப் பக்கத்திலும் இல்லை.
ஆனாலும் பக்கத்தை மடித்து வைத்தேன்.

வெள்ளவத்தையில்,
ரயில் போனால் தம்ளர் நடுங்கும் ஒழுங்கையில்
எங்கள் வீட்டுக்கு அகலம் பதினெட்டு அடி.
சேந்தன் மூன்று தரம் அளந்தார்,
மூன்றாம் தரம் கொஞ்சம் கூடலாம் என்ற மாதிரி.

ஆர்க்கிடெக்ட் நெத்மி
மெல்லிய தாளொன்றை மேசையில் விரித்தாள்.
ஸ்டோர் ரூம் இருந்த இடத்தில்
மஞ்சள் பென்சிலால் சரிவாக நாலைந்து கோடு.
"இது வெயில்."
வீட்டுக்குள் மனிதர்கள் சாம்பல் நிறத்தில் நின்றார்கள்,
முகமில்லாமல், கையில் எதுவுமில்லாமல்.
ஒருவர் என் குசினியில்
ஒன்றும் சமைக்காமல் வெளியே பார்த்தார்.
அது யார் என்று கேட்டேன்.
"சும்மா, அளவுக்கு, அக்கா."

இடித்த அன்று விமலசிறி பாஸ்
சுவரைத் தட்டி, காது வைத்துக் கேட்டு,
பிறகுதான் சுத்தியலை எடுத்தார்.
கூரைச் சீட் ஒவ்வொன்றாய் இறங்க
அறைக்குள் பகல் வந்தது.
இளம்பச்சை.
பதினொரு வருடம் டோர்ச் அடித்து அரிசி எடுத்த அறை
இளம்பச்சை என்று
எனக்குத் தெரிந்திருக்கவில்லை.
அதைப் பார்த்து முடிப்பதற்குள் பாதிச் சுவர் போய்விட்டது.

பிறகு சீமெந்து விலை.
பிறகு கப்பலில் டைல் வராத மாதங்கள்.
முற்றத்து ஓரத்தில் பதினேழு டைல் குறைந்தது.
உடைந்த துண்டொன்றைச் சட்டைப் பையில் வைத்து
கல்யாணத் தரகர் படம் காட்டுவதுபோல
கடை கடையாகக் காட்டித் திரிந்தார் சேந்தன்.
அந்தச் சாம்பலுக்குப் பொருத்தம் அமையவில்லை.
பாஸ் அந்த இடத்தைச் சீமெந்தாலேயே மெழுகிவிட்டார்.
இப்போது வருகிறவர்கள்
அதைத்தான் குனிந்து பார்க்கிறார்கள்:
"நல்ல டிசைன்."
நாங்கள் மறுப்பதில்லை.

பெயின்ட் வாசம் போகுமுன்
கடல் பக்கத்து வளவில் தகர வேலி அடித்தார்கள்.
எட்டு மாடி. இரவிரவாகக் கொங்கிரீட் லொறி.
மூன்றாம் மாடி எழும்ப நாலு மணி போனது.
ஐந்தாம் மாடியோடு மூன்று மணி.
எட்டும் முடிந்தபோது
இரண்டு மணிக்கே முற்றத்தில் லைட் போட்டோம்.
தாளில் மஞ்சள் கோடுகள் அப்படியே இருந்தன.
நெத்மி போனில் "சொறி அக்கா" என்றாள்.
வெயிலுக்கு எப்படி மன்னிப்புக் கேட்பதென்று
அவளுக்கு யாரும் படிப்பிக்கவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை, நாலேகாலுக்கு,
முற்றத்துச் சுவரில், என் தலை உயரத்தில்
ஒரு சதுரம் எரிந்தது.
யாரோ டோர்ச் அடிக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.
காலி வீதிப் பக்கம், ஒன்பதாம் மாடியில்
யாருடையதோ ஒரு கண்ணாடிக் கதவு
கடலுக்கு மேல் நின்ற சூரியனைப் பிடித்து
எங்கள் வீட்டுக்குள் போட்டது.
இருபது நிமிடம்.
அங்கே துவாய் காயப்போட்டால் பாதி மங்கும்.
கதவைத் திறந்தால் இல்லை.
மாதம் மாற மாற சுவரில் மெல்லத் தள்ளிப் போகிறது.
போய்ப் பார்த்துச் சொல்ல நினைத்தேன்.
என்ன சொல்வது,
பின்னேரத்தில் கதவைச் சாத்தி வையுங்கள் என்றா?

அரலியா வைக்கவில்லை.
சட்டியில் கறிவேப்பிலை நிற்கிறது,
பக்கத்தில் மேசைத்துணி போர்த்திய காஸ் சிலிண்டர்.

நாலேகாலுக்கு,
அடுப்பைக் குறைத்துவிட்டு,
கையில் எதுவுமில்லாமல்
அந்தச் சுவரோடு போய் நிற்கிறேன்.
முகம் சுடுகிறது.
என்ன செய்கிறாய் என்று சேந்தன் கேட்பார்.
சும்மா, அளவுக்கு.